குவியலில் 4,800 டன், கைக்கு வருவது 1,200

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மத்தியானம் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. பத்து மணிக்கு மேல் காற்றும் சேர்ந்துகொண்டது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற பெரிய மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. இருட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் வேலை செய்யும் கருங்கல் குவாரியில் ஷாவல் (முன்னால் பக்கெட் வைத்துக் கல் அள்ளும் வண்டி) ஓட்டும் அண்ணன்.

"தங்கச்சி, குழிக்குள்ள தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. கரண்டு போயிருச்சு, பம்பு ஓடல. எக்ஸ்கவேட்டரு கீழ்த்தட்டுல நிக்குது. மேல ஏத்திறட்டுமா?"

மேலாளருக்கு லைன் கிடைக்கவில்லை, அதனால்தான் என்னைக் கேட்டார். "ஏத்துங்கண்ணே, பார்த்து" என்று சொல்லிவிட்டேன். அவரும் கொங்சியில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கியிருந்த நேப்பாளத் தம்பிகள் இருவரும் டார்ச் விளக்கோடு இறங்கி, வழுக்கும் சரிவில் முக்கால் மணி நேரம் போராடி அதை மேலே கொண்டுவந்தார்கள். கரண்டில் ஓடும் பம்பு மூழ்கிப்போனது. டீசல் பம்பு தப்பியது.

இயந்திரம் பிழைத்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 21 அன்று, பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில், கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். மழையில் ஊறிய சரிவு என்ன செய்யும் என்று பினாங்கில் எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம். அப்படியிருந்தும் மூன்று பேரை ராத்திரியில் பாறைச் சுவரின் அடியில் இறங்கச் சொன்னேன். இன்று அப்படி ஒரு போன் வந்தால், "விடியட்டும் அண்ணே, மூழ்கினா மூழ்கட்டும்" என்றுதான் சொல்வேன். அதைவிட, அப்படி ஒரு போன் வரவேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும் என்பது புதிய செய்தி இல்லை. அந்த மாதங்களில் சனிக்கிழமை வேலை முடிந்ததும் எக்ஸ்கவேட்டர் மேல்தட்டுக்கு வந்துவிட வேண்டும். சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து வருகிற வண்டி அது, ஆபத்து நேரத்தில் ஓட முடியாது. மெதுவாக நகர்வது முதலில் ஏற வேண்டும், வேகமாக ஓடுவது கடைசியில் ஏறினால் போதும். நாங்கள் நேர் எதிராக வைத்திருந்தோம். லோரியெல்லாம் மேலே பத்திரமாக நின்றது, எக்ஸ்கவேட்டர் கீழே நின்றது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா நிபோங் திபால் பக்கம் தோட்ட வேலை. நான் ஐந்தாம் படிவம் முடித்ததும் செபராங் பிறையில் ஒரு கருங்கல் குவாரியில் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தேன். லோரிக்காரர்கள் அதைத் 'திம்பாங்' என்பார்கள். வண்டி ஏறும், எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். பிறகு இருப்புக் கணக்கும் சரக்கு அனுப்பும் பொறுப்பும் என்னிடம் வந்தன. வெடி வைக்கிறவரும் இயந்திரம் ஓட்டுகிறவரும் மழை, வெள்ளம், முடக்கம் பற்றி நிறைய பேசியிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து 'எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போகும்' என்று எண் சொல்கிற ஆள் பேசுவது குறைவு. அந்த எண் தப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெளியாட்களுக்குக் குவாரி என்றால் வெடி, புழுதி அவ்வளவுதான். உள்ளே அது ஒரு நீண்ட ஓட்டம். வெடித்த பாறையை எக்ஸ்கவேட்டர் அள்ளி டம்ப் லோரியில் போடும். லோரி அதை ஹாப்பரில், அதாவது கல் கொட்டும் தொட்டியில், கொட்டும். ஜா கிரஷர் முதல் உடைப்பு உடைக்கும். அந்தக் கல் பெல்ட்டில் ஏறி ஒரு பெரிய கூம்புக் குவியலாக விழும். அதற்கு சர்ஜ் பைல் என்று பெயர். குவியலின் அடியில் ஒரு டனல், டனலுக்குள் ஃபீடர். ஃபீடர் கல்லை மெதுவாக இழுத்து அடுத்த பெல்ட்டில் விடும். அங்கிருந்து இன்னும் சிறிதாக உடைக்கும் கோன் கிரஷர், சல்லடைகள், கடைசியில் முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, டஸ்ட் (கல்தூள்), கிரஷர் ரன் என்று தனித்தனிக் குவியல். முன்பாதி நின்றாலும் பின்பாதி கொஞ்ச நேரம் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் நடுவில் அந்த சர்ஜ் பைல்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் எங்கும் போக முடியவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு மாநில அரசு ராணுவத்தை உதவிக்கு அழைத்திருந்தது. தீவிலும் பெருநிலத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர். அந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். கீழ்வீட்டில் குடியிருந்த பாட்டியை நானும் கணவரும் மேலே கொண்டுவந்து வைத்திருந்தோம். அவர் இரவெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை குவாரிக்குப் போக முடிந்தது. போனதும் போன் மேல் போன். எல்லோரும் கேட்டது இரண்டே பொருள், கிரஷர் ரன்னும் பெரிய கல்லும். கிரஷர் ரன் என்பது ஜல்லியும் தூளும் கலந்தது. பரப்பி உருளை ஓட்டினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அரித்துப்போன சாலை, உடைந்த ஆற்றங்கரை, பள்ளமான கிராமத்து வழி எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். கரை அரிக்காமல் அடுக்க ஆள் தூக்க முடியாத பெரிய கல் வேண்டும். எங்கள் மைதானத்தில் என்ன இருந்தது? மலைபோல முக்கால் ஜல்லி. வழக்கமான நாளில் அதிகம் போவது அதுதான், அதனால் அதைத்தான் நிறைய உடைத்து வைத்திருந்தோம். கான்கிரீட் ஆலைகள் மூடிக் கிடந்தன, அதைக் கேட்பார் இல்லை. கிரஷர் ரன் 600 டன்னுக்குச் சற்று மேல்தான்.

அவசரம் வந்தால் எவ்வளவு வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை, எது வேண்டும் என்பதே மாறிவிடும். இதை அன்றைக்குத்தான் கற்றேன். இப்போது செப்டம்பர் பிறந்ததும் கிரஷர் ரன் 2,000 டன்னுக்குக் குறையாமல் ஒதுக்கி வைப்போம். வெடித்த பாறையில் பெரிதாக வருவதைப் பிரேக்கர் வைத்து உடைக்காமல் ஒரு ஓரமாகச் சேர்த்து வைப்போம். பெரிய கல்லைச் சிறியதாக்க இயந்திரம் இருக்கிறது, சிறியதைப் பெரியதாக்க எதுவும் இல்லை.

இருந்த 600 டன்னில் முதல் 200 டன்னை யாருக்கும் விற்கவில்லை. எங்கள் குவாரியிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில் ஒரு மதகு அடித்துப் போயிருந்தது. லோரி போக வழியில்லை. டவுக்கே (முதலாளி) முதலில் முகம் சுளித்தார். அங்கே வாடிக்கையாளர் காத்திருக்க, சரக்கைச் சொந்த வாசலில் கொட்டுவதா என்பது அவர் கவலை. "வாசல் இல்லாம சரக்கு எப்படிப் போகும் டவுக்கே?" என்று கேட்டேன். சரி என்றார். மதியத்துக்குள் பாதை ஆனது. பிறகு யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தபோதும் அதே கணக்கைத்தான் வைத்தேன். எந்த லோரி போனால் இன்னும் பல வண்டிகளுக்கு வழி திறக்குமோ அது முதலில். பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் தன் கார் நிறுத்தும் இடத்துக்குக் கேட்டார், அவரைக் காத்திருக்கச் சொன்னேன். ஒரு கம்பத்துக்குள் (கிராமத்துக்குள்) ஆம்புலன்ஸ் போக முடியாமல் இருந்தது, அந்தக் குத்தகையாளர் எங்களிடம் ஒருநாளும் வாங்காதவர், அவருக்கு அன்றே போனது. பழைய வாடிக்கையாளருக்கு அதில் மனவருத்தம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

இனித்தான் சொல்ல வந்த விஷயம்.

மீதிக் கிரஷர் ரன் திங்களோடு தீர்ந்துவிடும். குழியில் தண்ணீர், பாறைச் சுவரை மேலாளரும் சுரங்கப் பொறியாளரும் பார்த்துச் சொல்லும்வரை யாரும் அதன் பக்கத்தில் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஜா கிரஷருக்குப் புதுக் கல் வராது. மிச்சம் சர்ஜ் பைல்தான். "அதுல எவ்வளவு இருக்கு?" என்று டவுக்கே கேட்டார். நான் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டேன். குவியலைச் சுற்றி நடந்தால் 100 மீட்டர், அப்படியென்றால் ஆரம் 16 மீட்டர். உயரம் 12. கூம்பின் கன அளவு ஏறக்குறைய 3,200 கன மீட்டர். உடைத்த கருங்கல் கன மீட்டருக்கு ஒன்றரை டன். 4,800 டன். வெள்ளைப் பலகையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதினேன். அதை நம்பி செவ்வாய், புதன் இரண்டு நாளுக்கும் லோரி வரச் சொல்லிவிட்டேன். டவுக்கேயும் தன் பங்குக்கு நாலு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கணக்கில் பிழை இல்லை. கேள்விதான் தப்பு. குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை. அரிசி மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டால் என்ன ஆகும்? நடுவில் குழி விழுந்து அந்தக் குழியின் அரிசி மட்டும் ஒழுகும். சுற்றிலும் உள்ளது சரிந்த சுவர்போல அப்படியே நிற்கும். கல் குவியலும் அதேதான். நடுவில் ஒரே ஒரு ஃபீடர் இருந்தால் கூம்பில் ஏறக்குறைய கால் பங்குதான் தானாக இறங்கும். மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. எங்கள் 4,800-இல் ஓடுகிற கல் 1,200 டன். ஆலை மணிக்கு 250 டன் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்குக்கூட முழுதாக இல்லை.

செவ்வாய் காலை ஏழரைக்கு ஃபீடரை ஓட்டினார்கள். பதினொன்றே கால் இருக்கும், பெல்ட்டில் கல் வருவது நின்றது. அளவுப்படி இன்னும் ஒரு மணி நேரமாவது வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள் மழையில் கல்லோடு இருந்த தூள் களிமண்போல் ஆகி, பெரிய கற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது. மேலே ஓடுபோல் இறுகிய கல், கீழே வெற்றிடம். எடைமேடை வாசலில் பதினேழு லோரி. ஓட்டுநர்கள் இறங்கி வந்து ஜன்னலில் தட்டுகிறார்கள். ரேடியோவில் டவுக்கேயின் குரல், பலகையில் இவ்வளவு இருக்கிறதே, ஏன் வரவில்லை என்று. கேட்டவர்கள் எல்லோருக்கும் என் எண்ணைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

எடைமேடை அறையில் ஒரு கேமராத் திரை உண்டு. லோரி வரிசை பார்க்கத்தான் அது. அதன் மூலையில் சர்ஜ் பைலின் ஒரு பக்கம் தெரியும். எதற்கோ நிமிர்ந்து பார்த்தால், குவியலின் மேல் மஞ்சள் தொப்பி. ஆலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆன தம்பி. வயது இருபத்தொன்று. கையில் நீளக் கடப்பாரை. ஒட்டிக்கொண்ட கல்லைக் குத்திவிட்டால் இறங்கிவிடும் என்று தானாக ஏறியிருக்கிறான். யாரும் ஏறச் சொல்லவில்லை. ஏறாதே என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

ரேடியோவை எடுத்து, "ஃபீடரை நிறுத்து! ஃபீடரை நிறுத்து! மேல ஆள்!" என்று கத்தினேன். கட்டுப்பாட்டு அறை அண்ணன் காரணம் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அடித்தார். அந்த ஒரு நொடிக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். "தம்பி, அசையாத. வந்த வழியிலயே உக்காந்து, மெல்ல வழுக்கி இறங்கு" என்றேன். குரல் நடுங்கியது. அவன் உட்கார்ந்தான். கடப்பாரையை விட்டான், அது சரிந்து ஓரத்தில் போய் நின்றது. கீழே வந்து கால் தரையில் பட்டதும் சிரித்தான். அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு டனல் ஃபீடரின் மின்சாரத்தை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை மேலாளர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எக்ஸ்கவேட்டரைப் பக்கவாட்டில் நிறுத்தி, கை நீட்டி மேலே ஓடுபோல் இறுகியிருந்த கல்லைத் தட்டினார்கள். மூன்றாவது தட்டில் அது உள்ளே விழுந்தது. அவன் நின்ற இடத்தில் ஓர் ஆள் உயரத்தின் இரண்டு மடங்குக்குக் குழி. உள்ளே தூசு எழும்பி அடங்க வெகு நேரம் ஆனது. தம்பி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

நிமிடத்துக்கு நான்கு டன் இழுக்கிற ஃபீடர் அது. ஓடுகிற குவியலில் கால் புதைந்தால் ஆள் முழுதாகப் போக சில விநாடிகள் போதும். உள்ளே போனவரை நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. ஃபீடர் ஓடாதபோதும் அப்படித்தான், வெற்றிடத்தின் மேல் நிற்கிறோம் என்று மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் எங்கள் விதி இப்போது ஒரே வரி: சர்ஜ் பைலின் மேல் யாரும் ஏறுவதில்லை, ஃபீடர் பூட்டியிருந்தாலும் இல்லை. கல் ஒட்டிக்கொண்டால் ஃபீடரைப் பூட்டிவிட்டு இயந்திரத்தால் பக்கத்திலிருந்து தட்டுவோம். ஓரத்தில் நிற்கும் கல் அவசரமாக வேண்டுமென்றால், டனலைப் பூட்டிய பிறகு ஷாவல் அடிவாரத்தில் அள்ளி நேராக ஹாப்பருக்குக் கொண்டுபோகும். அதற்கு நேரம் பிடிக்கும், டீசல் பிடிக்கும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வாக்குக் கொடுப்பேன்.

அன்று மாலையே பலகையை அழித்துவிட்டு இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் 'நிற்பது', மற்றதில் 'ஓடுவது'. வெளியே சொல்லும் எண் இரண்டாவதிலிருந்து மட்டும். மழை பெய்திருந்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கள் கல்லுக்கும் எங்கள் குவியலுக்கும் அனுபவத்தில் கண்டது. உங்கள் இடத்தில் நீங்களே பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வாரத்தில் வேறு சிலவும் தெரிந்தன. எடைமேடையின் அடிக்குழியில் தண்ணீர் புகுந்து எண் தாவ ஆரம்பித்தது. 16 டன் லோரி ஒருமுறை 11 என்றது, ஒருமுறை 23 என்றது. மேடையை மூடிவிட்டுப் பக்கெட் கணக்குக்கு மாறினோம். ஷாவல் பக்கெட் 3 கன மீட்டர், மட்டமாக அள்ளினால் நாலரை டன். அந்த லோரிக்கு மூன்றரை பக்கெட். ஷாவல் அண்ணன் ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார், ஓட்டுநரும் கையெழுத்திட்டார். மேடை சரியான பிறகு பத்து வண்டியை இரண்டு முறையிலும் ஏற்றிப் பார்த்தோம். வித்தியாசம் வண்டிக்கு அரை டன்னுக்குள் இருந்தது. அதற்கேற்ப விலையைச் சரிசெய்து கொடுத்தோம், யாரும் சண்டை போடவில்லை. ஒரு பழக்கமும் அதிலிருந்து வந்தது. வறண்ட மாதத்தில் ஒருநாள், எல்லாம் நன்றாக ஓடும்போதே, பக்கெட் கணக்கை எடைமேடையோடு ஒத்துப்பார்த்துச் சுவரில் ஒட்டி வைப்பது. கரண்டு போன பிறகு அளக்க முடியாது.

ஈர டஸ்ட் இன்னொரு தலைவலி. எட்டு சதவீதம் ஈரம் என்றால் 16 டன் லோரியில் ஏறக்குறைய 1.3 டன் வெறும் தண்ணீர். வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார். அதைவிடப் பெரியது, கான்கிரீட் கலக்குகிறவர் அந்த ஈரத்தைக் கழிக்காமல் வழக்கமான அளவு தண்ணீரை ஊற்றினால் கான்கிரீட்டின் பலம் குறையும். அதனால் மழை வாரத்தில் டஸ்ட் சீட்டில் 'ஈரம்' என்று கையால் எழுதி, ஆலைக்குப் போன் போட்டும் சொல்லிவிடுவேன். டஸ்ட் குவியலைத் தாழ்ந்த இடத்தில் கொட்டாமல், தண்ணீர் வடியும் மேட்டில் கொட்டுவதும் அப்போது தொடங்கியது.

வெள்ளம் ஓடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது என்றால், 2020 மார்ச் நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. 16-ஆம் தேதி இரவு பிரதமர் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார், 18-ஆம் தேதி தொடக்கம். நடுவில் ஒரே ஒரு முழு நாள். எங்களுக்கு 18-ஆம் தேதி வெடி வைக்கும் நாள். துளைகள் போட்டுத் தயாராக இருந்தன. வெடிகுத்தகையாளர், வேண்டுமானால் 17-ஆம் தேதிக்கு முன்கூட்டி முயற்சி செய்யலாம் என்றார். வெடிபொருள் நம் இஷ்டத்துக்கு வருவதில்லை. அனுமதி வேண்டும், போலீஸ் காவலோடு வரும், 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் அப்படி. மத்தியானத்தில் இடி மின்னல் வேறு வழக்கம். துளையில் மருந்தை நிரப்பிய பிறகு ஏதாவது ஒன்று தடைப்பட்டால், அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. மேலாளர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். துளைகளின் வாயில் சாக்கு அடைத்து மூடினோம். சரியான முடிவு.

அந்த ஒரு நாளை முழுக்கக் காலிசெய்யவே செலவிட்டோம். நிறுத்தும்போது தலையிலிருந்து வாலுக்கு வர வேண்டும். முதலில் ஹாப்பரில் கொட்டுவது நிற்கும், ஜா கிரஷர் வாயில் உள்ளதை மென்று முடிக்கும், பெல்ட் காலியாகும், கோன் கிரஷர் காலியாகும், கடைசி பெல்ட் கடைசியில் நிற்கும். தொடங்கும்போது நேர்மாறாக வாலிலிருந்து. கல்லோடு நின்ற கோன் கிரஷரை மறுபடி ஓட்ட முடியாது, ஆள் உள்ளே குனிந்து கையால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் சரியாகச் செய்தோம். ஒன்றை மறந்தோம். டஸ்ட் தொட்டியில் அரைத் தொட்டி டஸ்ட் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மே 4-க்குப் பிறகு அனுமதியோடு திரும்பி வந்து திறந்தால், உள்ளே ஒழுகிய மழையில் அது சிமெண்டுபோல இறுகியிருந்தது. வெளியிலிருந்து நீளக் குழாயில் காற்று அடித்தே உதிர்த்தோம், இரண்டரை நாள் பிடித்தது. யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை. 2017-இல் அந்தக் குழியைப் பார்த்திருந்ததால், இறங்கட்டுமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

அந்தத் தம்பி வேலையை விட்டுப் போகவில்லை. இப்போது ஆலை சூப்பர்வைசர், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. வருடா வருடம் செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் அவனும் சர்ஜ் பைலை அளக்கிறோம். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவன் மறுமுனையோடு அடிவாரத்தைச் சுற்றி நடப்பான். புதிதாகச் சேர்ந்த பையன்களையும் கூட்டிவந்து நிறுத்தி வைப்பான். உயரத்தை எப்படிப் பார்ப்பது, மேலே ஏறித்தானே ஆக வேண்டும் என்று போன வருடம் அவர்களில் ஒருவன் கேட்டான். அவன் பதில் சொல்லாமல் பெல்ட் தூணில் பெயிண்டால் போட்டிருந்த மீட்டர் கோடுகளைக் கைகாட்டினான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பன்னெண்டு இல்லக்கா, பதினொன்றரை. ஓடுவதுல ஆயிரம்னு போடுங்க" என்றான்.